லெமன் சீஸில் சீஸ் எங்கே?

நீங்கள் அனுப்பிய டப்பாக்கள் வந்து சேர்ந்தன. பாதி ஐஸ்கிரீமாகவும் பாதி பாயசமாகவும் வந்தன என்பதுதான் உண்மை. தெர்மோகோல் பெட்டியை மாரிக்குப்பம் ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு எஸ்தர்தான் கொண்டுவந்து கொடுத்தார். சுவை பார்க்கும் அறையில் ஜன்னலோரம் உட்காருகிற, உங்கள் குழுவிலேயே மூத்த எஸ்தரைத்தான் சொல்கிறேன். வழியில் யாரோ பெட்டிக்குள் மீன் இருக்கிறதா என்று கேட்டார்களாம். 'எலுமிச்சம்பழ கேக்கு மாதிரி இருக்கிற ஐஸ்கிரீம்' என்று இவர் விளக்கப் போக, கேட்டவர் தள்ளி உட்கார்ந்துகொண்டாராம்.

அவர் தள்ளி உட்கார்ந்ததில் நியாயம் இருக்கிறது. ஒரு இனிப்பு ஏன் இன்னொரு இனிப்பாக வேஷம் போட வேண்டும்? சுவை பார்க்கும் இந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருக்கிற கேள்வி இது. ஓய்வு பெற்ற பிறகும் விட்டபாடில்லை. பங்காருபேட்டை சூப்பர் மார்க்கெட்டில் குளிர்பெட்டியின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் நிற்கும் நேரத்தைப் பார்த்து அங்குள்ள பெண் முறைப்பாள். ஆரஞ்சு புட்டிங் யோகர்ட், லைம் பை ஐஸ்கிரீம், லெமன் டார்ட் யோகர்ட் என்று எதைக் கண்டாலும் வாங்கிவிடுவேன். வீட்டுக்கு வந்து முதல் ஸ்பூனை வைத்ததும், இதற்குள் கேக் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன். சர்க்கரை ஏறிவிடும் என்று மகன் கத்துவான். ஒரு ஸ்பூன்தானே என்பேன். அது பொய் என்று அவனுக்கும் தெரியும்.

உங்கள் டப்பாக்களைப் பற்றி என் கருத்தைக் கேட்டிருக்கிறீர்கள். தருகிறேன். அதற்கு முன்னால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கருத்தை விட இவை உங்களுக்கு அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒயிட்ஃபீல்டு பக்கம் இருக்கும் நம் ஐஸ்கிரீம் தொழிற்சாலையில் நான் சேர்ந்தபோது எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது சிறியவர். எப்போதும் கையில் ஒரு பிடி பொரி வைத்திருப்பார். ஒரு ஸ்பூனுக்கும் அடுத்த ஸ்பூனுக்கும் நடுவில் நாக்கைத் துடைக்க அவருக்குத் தண்ணீர் போதாது, உப்பில்லாத பொரிதான் வேண்டும். முதல் நாள் ஒரு எலுமிச்சை யோகர்ட்டைக் கொடுத்தார். நான் சாப்பிட்டுவிட்டு, மரியாதையாக, "நல்லா இருக்குங்க" என்றேன். அவர் சிரிக்கவே இல்லை.

"உங்களுக்குப் பிடிச்சிருக்கான்னு வெளிய எல்லாரும் கேப்பாங்க. இந்த ரூம்ல மட்டும் கேக்க மாட்டோம். வாய்க்குள்ள என்ன இருக்கு, அதைச் சொல்லுங்க."

நான் மறுபடி ஒரு ஸ்பூன் வைத்தேன். புளிப்பு இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கசப்பு, தோலின் கசப்பு. கடைசியில் ஒரு மெழுகு வாசனை. மூன்றையும் சொன்னேன். அவர் ஒரு பொரியை வாயில் போட்டுக்கொண்டு, "இப்ப வேலைக்குச் சேர்ந்துட்டீங்க" என்றார்.

ஒரு கோடையில் எலுமிச்சை ஐஸ்கிரீம் ஒன்று சோதனைக்கு வந்தது. குழுவில் அத்தனை பேரும் ஒரே குரலாக, பாத்திரம் விளக்கும் சோப்பு என்றார்கள். எசென்ஸ் கெட்டது என்று உற்பத்திப் பிரிவு சொல்ல, எசென்ஸ் கொடுத்தவர் பால் கெட்டது என்று சொல்ல, ஒரு தொட்டி நிறைய கலவை கொட்டப்படுவதற்காகக் காத்திருந்தது. கொட்டச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். பேனாவை எடுத்துவிட்டேன். என் குரு ஒரு காலி ஸ்பூனை நீட்டி, "முதல்ல இதைச் சாப்பிடுங்க" என்றார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். வாயில் வைத்தால் சோப்பு! புதிதாக வந்த எலுமிச்சை வாசனை சோப்பில் கழுவி, சரியாக அலசாமல் அடுக்கியிருந்தார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஸ்பூன்களை மாற்றிய பிறகும் பாதிப் பேர் சோப்பு என்றே எழுதினார்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் வீடுகளில் எலுமிச்சை வாசனை வருகிற இடம் இரண்டு. ஒன்று சோறு, இன்னொன்று பாத்திரம் கழுவும் தொட்டி. சோற்றில் வரும்போது யாருக்கும் சோப்பு ஞாபகம் வருவதில்லை. ஏன் என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டோம். கடைசியில் கலவையில் ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்துப் பார்த்தோம். சோப்பு காணாமல் போய்விட்டது. உப்பு இருந்தால் அது சாப்பாடு என்று நாக்கு நம்பிவிடுகிறது போலிருக்கிறது. அறிவியல்படி சரியா என்று கேட்காதீர்கள், அந்த ஐஸ்கிரீம் வந்த வேகத்தில் விற்றது.

இனி எஸ்தர் விஷயம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். 'எழுதுங்க அக்கா, ஆனா அழுதேன்னு மட்டும் எழுதாதீங்க' என்றார். ஆகவே அவர் அழவில்லை.

அந்த வருடம் சிட்ரஸ் இனிப்புகள் என்று ஒரு வரிசையே கொண்டுவரத் திட்டம். அதில் முதலாவது லெமன் சீஸ் கேக் ஐஸ்கிரீம். தாளின் தலைப்பில் பெயர் எழுதியிருக்கும். இந்தப் பெயருக்கு இந்தச் சுவை எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்பதுக்கு மதிப்பெண் போட வேண்டும். எல்லோரும் ஏழு, எட்டு என்று போட்டார்கள். எஸ்தர் இரண்டு போட்டார். இன்னொரு நாள் அதே ஐஸ்கிரீமை வைத்தோம், இரண்டு. மறுபடியும் வைத்தோம். அப்போதும் இரண்டுதான்.

வெள்ளிக்கிழமை மதியம் பிரசாந்த் என் அறைக்கு வந்தார். மதிப்பெண்களை அலசிப் பார்ப்பது அவர் வேலை. பெங்களூர்ப் பையன், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார், நல்ல மனசு. ஆனால் எண்கள் ஒன்றைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் அவருக்குப் பேச்சில்லை.

"மேடம், எஸ்தர் மூணு சலவும் அவுட். போன வருஷம் அந்த ஜ்வரம் வந்துச்சே, வாசனையே தெரியாம இருந்தாங்களே, அதுக்கப்புறம் அவங்க நாலிகே ஹோயித்து மேடம்."

மூன்று முறையும் எஸ்தரின் மதிப்பெண் மற்றவர்களோடு சேரவில்லை, நாக்கு போய்விட்டது என்கிறார். காய்ச்சலுக்குப் பிறகு சில வாரம் எஸ்தருக்கு மணமே தெரியாமல் இருந்தது வாஸ்தவம். மணம் திரும்பியது என்று சொல்லித்தான் மறுபடி குழுவில் உட்கார்ந்தார்.

"திரும்பல மேடம், அவங்க திரும்பிச்சுன்னு நெனச்சுட்டாங்க. ரூல் இருக்கல்லா? மூணு சல அவுட்டானா பேனல்ல இருந்து எடுக்கணும். சோமவாரம் மீட்டிங்ல சொல்லிடட்டுமா?"

குழுவிலிருந்து எடுத்தால் பேக்கிங் பிரிவின் குளிரறை. நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை. எஸ்தரின் முழங்கால் எவ்வளவு தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் முழங்காலைக் காட்டி ஒருவரைச் சுவைக்குழுவில் வைத்திருக்க முடியாது. நாக்கு இல்லை என்றால் இல்லைதான். திங்கட்கிழமை சொல்கிறேன் என்று பிரசாந்தை அனுப்பி வைத்தேன்.

மாலை ரயிலில் எஸ்தர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். வேலையிடத்தில் நான் அவருக்கு மேடம். ரயில் மாலூரைத் தாண்டினால் அக்கா ஆகிவிடுவேன். அன்றைக்கு மாலூர் வரைகூடக் காத்திருக்கவில்லை.

"அக்கா, என்னியக் குளிர் ரூமுக்குப் போடப் போறாங்களாமே?"

"யாரு சொன்னது?"

"யாரு சொன்னா இன்னா? நெஜந்தானே?" ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கே டவுட்டா கீதுக்கா. ஒரு வாரமா கொழம்புக்கு உப்பு நான் பாக்கறதில்ல. வீட்டுக்காரரத்தான் பாக்கச் சொல்றேன். காலைல எழுந்ததும் காப்பித்தூள் டப்பாவ மோந்து பாக்கறேன். வாசன வருது. ஆனா நெஜமா வருதா, இல்ல வருதுன்னு நானே நெனச்சுக்கறேனானு தெரியல. பயமா கீது."

நாக்கையே நம்பிப் பிழைக்கிற ஒருத்திக்குத் தன் நாக்கின் மேல் சந்தேகம் வந்தால் அதைவிடக் கொடுமை இல்லை. ஒன்றும் ஆகாது, நான் இருக்கிறேன் என்று கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. பிடித்துக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதனால் என்ன தெரிந்திருக்கும்? என் குருவின் கேள்வியைக் கேட்டேன்.

"அந்த ஐஸ்கிரீம் வாய்ல போட்டியே, உள்ள இன்னா இருந்திச்சு?"

"எலுமிச்சந்தோல். பிஸ்கட்டு, கொஞ்சம் தீஞ்ச பிஸ்கட்டு. வெண்ண. உப்பு. அப்புறம் ஒரு புளிச்ச பால் வாசன, சீஸ் மாதிரி."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த பிஸ்கட் தூள் கொஞ்சம் அதிகமாக வறுபட்டுவிட்டது என்று உற்பத்திப் பிரிவே அன்று காலைதான் கண்டுபிடித்திருந்தது. போய்விட்ட நாக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லும்?

"இவ்ளோ சரியா சொல்றே. பின்ன ஏன் ரெண்டு போட்ட?"

எஸ்தர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சீஸ் வாசன வந்தா பின்ன எவ்ளோ போடறது? லெமன் சீஸ் கேக்குன்னு பேரு வெச்சிட்டு உள்ள சீஸப் போட்டு வெச்சிருக்காங்க. லெமன் சீஸ்ல எங்கக்கா சீஸ் வரும்?"

காதில் சரியாக விழவில்லையோ என்று மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சாம்பியன் ரீஃப் சுரங்கப் பகுதிக்காரர் ஒருவர் செய்தித்தாளை மடித்தார். "கரெக்ட்டாத்தான சொல்லுது அந்தம்மா. லெமன் சீஸ்ல சீஸப் போட்டா விளங்குமா?" அதற்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "முட்ட, வெண்ண, சக்கர, எலுமிச்சம்பழம். வேற இன்னா கீது அதுல?" என்றார். அந்தப் பெட்டியிலேயே லெமன் சீஸில் சீஸ் இருக்கும் என்று நினைத்தவள் நான் ஒருத்திதான் போலிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். கோலார் தங்க வயலில் நாற்பது வருடம் குடியிருந்தாலும் நான் சுரங்கத்துக் குடும்பம் இல்லை. என் கணவருக்கு இங்கே கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, ராணிப்பேட்டையிலிருந்து வந்து குவார்ட்டர்ஸில் குடியேறியவர்கள் நாங்கள். எஸ்தர் வீடு மைசூர் மைன்ஸ் என்கிற சுரங்கப் பகுதியில். சுரங்க அதிகாரிகளின் பங்களாச் சமையலறையில் எலுமிச்சையும் முட்டையும் வெண்ணெயும் போட்டுக் கிளறிய ஒரு மஞ்சள் ஜாமுக்கு வெள்ளைக்காரர்கள் லெமன் சீஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அங்கிருந்து அது பேக்கரிக்குப் போய், பேக்கரியிலிருந்து சுரங்க லைன் வீடுகளின் கிறிஸ்துமஸ் தட்டுக்கு வந்து, சின்னக் கிண்ணம் போன்ற ஒரு பிஸ்கட்டுக்குள் உட்கார்ந்துகொண்டது. அதுதான் இவர்களுக்கு லெமன் சீஸ் கேக். குவார்ட்டர்ஸுக்கு அது வரவே இல்லை. நாங்கள் தீபாவளிக்கு அதிரசம் சுட்டுக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை எஸ்தர் வீட்டுக்குப் போனேன். அந்த லெமன் சீஸை ருசி பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்று அவருக்கும் தெரியும். கொதிக்கும் தண்ணீரின் மேல் பாத்திரத்தை வைத்துக் கிளறினார். கிளறக் கிளறக் கலவை இறுகி, கரண்டியின் முதுகில் பட்டுப்போல் ஒட்டி நின்றது. சர்க்கரை போதுமா என்று பார்க்கக் கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"நீயே பாரு."

"வேணாங்கா. நீங்களே பாத்து சொல்லுங்க."

கரண்டி அப்படியே நீண்டிருந்தது. வாங்கி நக்கினேன். முதலில் வெண்ணெய் வந்து நாக்கில் படுத்துக்கொண்டது. அதன் மேல் புளிப்பு மெதுவாக ஏறி, தாடையின் மூலையைக் கிள்ளிவிட்டு இறங்கியது. சீஸ் இல்லை, பால்கூட இல்லை. எஸ்தர் போட்ட இரண்டு மதிப்பெண்ணே தாராளம் என்று தோன்றியது. சர்க்கரை போதும் என்றேன். அவர் கடைசிவரை ருசி பார்க்கவில்லை. அந்த ஜாமை விட அதுதான் எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை வந்தது. கூட்டத்தில் போய், வெள்ளைக்காரன், சுரங்கம், கிறிஸ்துமஸ் தட்டு என்று ஆரம்பித்தால், வேண்டியவருக்காகக் கதை கட்டுகிறேன் என்றுதான் நினைப்பார்கள். பிரசாந்துக்குக் கதை பிடிக்காது, எண்தான் பிடிக்கும். அதனால் கூட்டத்துக்கு முன்னால் குழுவை உட்கார வைத்தேன். அதே ஐஸ்கிரீம். தாளில் பெயர் மட்டும் இல்லை. பொருந்துகிறதா என்ற கேள்வியும் இல்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அவ்வளவுதான் கேள்வி.

பிரசாந்த் தாள்களை வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது தலையைச் சொறிந்துகொண்டிருந்தார். "மேடம், எஸ்தர் உள்ள இருக்காங்க. எல்லார் கூடவும் மேட்ச் ஆகுது. அப்போ முன்னாடி ஏன் ரெண்டு?"

"பிரசாந்த், நீங்க லெமன் சீஸ் கேக் சாப்ட்டிருக்கீங்களா?"

"நானா?" கொஞ்சம் யோசித்தார். "போட்டோ நோடிதீனி. பார்த்திருக்கேன் மேடம்."

குழுவிடமும் அதையே கேட்டேன். சாப்பிட்டவர்கள் கை தூக்குங்கள் என்றேன். ஒரு கை உயர்ந்தது, எஸ்தருடையது. இன்னொரு கை பாதி உயர்ந்து, சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு இறங்கியது. மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். சாப்பிடாத ஒன்றுக்கு எப்படி ஏழு போட்டீர்கள் என்று கேட்டதற்கு ஒருவர், "பேரு போட்டிருந்திச்சே மேடம்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. லேபிள் அப்படித்தான் வேலை செய்கிறது. எஸ்தர் மட்டும் வாயில் இருந்ததைத் தான் நிஜமாகச் சாப்பிட்ட ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறார். ஆனால் அவர் ஒப்பிட்டது வேறு ஒரு தின்பண்டம்! உலகமே சீஸ் போட்டுச் செய்கிற கேக்கின் கணக்கில் பார்த்தால் அவர் தப்புதான், மைசூர் மைன்ஸ் கணக்கில் பார்த்தால் அவர் மட்டும்தான் சரி. அந்த அறையில் யார் சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேள்விதான் தப்பு என்பது மட்டும் தெரிந்தது. அன்று முதல்தான், மதிப்பெண் போடுவதற்கு முன்னால் 'இதைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? எங்கே?' என்ற வரி உங்கள் தாளில் இருக்கிறது. எதற்கு இந்த வெட்டிக் கேள்வி என்று நீங்கள் முணுமுணுப்பதாக எஸ்தர் சொன்னார். இதற்குத்தான்.

அந்தக் கூட்டத்தில் எஸ்தர் பெயர் வரவே இல்லை. அதற்குப் பதிலாக அவர் செய்த ஜாம் வந்தது. டப்பாவைத் திறந்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். விற்பனைப் பிரிவுக்காரர் இரண்டாவது ஸ்பூன் கேட்டார். இதை யோகர்ட்டின் அடியில் வைத்தால் என்ன என்றார். வைக்கலாம், என்ன பெயர் போடுவது? லெமன் சீஸ் என்று போட முடியாது, சீஸ் இல்லாததற்கு லேபிளில் சீஸ் என்று எழுதினால் சட்டம் சும்மா விடாது. இங்கிலீஷில் இதற்கு லெமன் கர்ட் என்றும் பெயர் உண்டு என்று பிரசாந்த் போனில் தேடிச் சொன்னார். எல்லோருக்கும் சந்தோஷம். அப்போது பங்காருபேட்டையிலிருந்து வரும் எங்கள் தெலுங்கு அம்மாள் மெதுவாகக் கேட்டார்.

"கர்ட் அண்ட்டே பெருகு காதா மேடம்? பெருகுல இன்னொரு பெருகா?"

கர்ட் என்றால் தயிர்தானே. தயிர்க் கிண்ணத்தின் மேல் எலுமிச்சைத் தயிர் என்று எழுதினால் வாங்குபவன் என்ன நினைப்பான்? சீஸ் என்றால் அதில் சீஸ் இல்லை, கர்ட் என்றால் தயிர் இல்லை. சிரித்துச் சிரித்துக் கூட்டமே கலைந்தது. கடைசியில் வைத்த பெயர் லெமன் டார்ட். நீங்கள் அனுப்பிய பெட்டியில் மஞ்சள் மூடி போட்டிருக்கும் யோகர்ட் அதுதான். என் கருத்தைக் கேட்டீர்களே, இப்போது அதில் வெண்ணெயைக் குறைத்துவிட்டீர்கள். புளிப்பு படுக்க இடமில்லாமல் நிற்கிறது. மற்றதெல்லாம் தனியாக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை மாலையே எஸ்தரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தாள்களைக் காட்டினேன், உன் நாக்குக்கு ஒன்றும் இல்லை என்றேன். சரிக்கா என்றார். அந்தச் சரியில் நம்பிக்கை இல்லை. அடுத்தவர் தாளில் எழுதியிருப்பதைக் காட்டி ஒருவருக்கு அவர் நாக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் காலை ரயிலில் நான் ஏறியபோது எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். உட்கார்ந்ததும் பையிலிருந்து டிபன் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். மீன் குழம்பு. பெட்டி முழுக்க மணந்தது.

"இன்னிக்கு உப்பு நான்தான் பாத்தேன்," என்று மூடியில் கொஞ்சம் ஊற்றி நீட்டினார். "நல்லா கீதுன்னு சொல்லாதீங்க. உள்ள இன்னா கீதுன்னு சொல்லுங்க."

விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். புளி, மிளகாய், வெந்தயம், பூண்டு. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எஸ்தர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"உப்பு ஒரு கல்லு தூக்கல்," என்றேன்.

எஸ்தர் முகம் முழுக்கச் சிரித்தார். "எனக்கும் அப்படித்தாங்கா தெரிஞ்சுது."